ஞாயிறு விடியலில் மரக்காணம் கடக்கும் தம்பி தங்கைகளுக்கு



சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும்போது, மரக்காணத்தை நெருங்கும் இடத்தில் மரமே இல்லாமல் வெளி வெளேரென்று விரியும். அதுவரை ஊர், வேகத்தடை, பேருந்து நிறுத்தம் என்று காலை அடக்கிக்கொண்டு வந்தவர்கள் அங்கேதான் ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். அந்த வெளிதான் எங்கள் உப்பளம். அதன் ஓரத்தில் இருபத்தெட்டு வருஷமாகச் சைலன்சருக்குப் பற்றவைக்கிற மெக்கானிக் நான். என் அம்மா அந்தப் பாத்திகளில் உப்பு வாரியவர். உங்கள் ஆசையும் தெரியும், எங்கள் ஊரின் அவதியும் தெரியும் என்ற தைரியத்தில்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இளவயதில் எத்தனையோ புல்லட் சைலன்சர்களைப் பிளந்து, உள்ளே இருந்த தடுப்புத் தகடுகளை அறுத்தெறிந்து, மறுபடி மூடிப் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறேன். கார் வந்தால் பின்பக்க மஃப்ளரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் போட்டிருக்கிறேன். "அண்ணே, சும்மா அதிரணும்" என்பார்கள். அதிர வைத்தேன். கூலியும் வாங்கினேன். அந்த வருஷங்களின் பலனாக இன்று என் இடது காதில் ராத்திரி பகல் ஓயாத ரீங்காரம். பேரப்பிள்ளை அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை. ஆகவே உங்களை உட்கார வைத்துப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாக நினைக்கவில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

போன வருஷம் கோடையில் ஒரு ஞாயிறு. இருட்டு இன்னும் முழுசாய்ப் பிரியவில்லை. உப்பு வாரப் போகிற இரண்டு பெண்கள் சாப்பாட்டுத் தூக்குடன் சாலையைக் கடக்க நின்றார்கள். அந்த நேரத்தில் எங்கள் பெண்கள் கண்ணை நம்பிக் கடப்பதில்லை. காதை நம்பித்தான் கடப்பார்கள். லாரி என்றால் இந்த முனகல், பஸ் என்றால் இந்த இரைச்சல், தூரத்தில் வருகிறதா, பக்கத்தில் வந்துவிட்டதா என்று சத்தத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்கள். அன்று நாலைந்து கார்கள் சேர்ந்தாற்போல வந்தன. தடையில்லாமல் திறந்த குழாய்களின் சத்தம் நாலா பக்கமும் நிறைந்துவிட்டதால் வண்டி வடக்கிலிருந்து வருகிறதா, தெற்கிலிருந்து வருகிறதா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. தெற்கே பார்த்துக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தார் ஒருவர். வடக்கிலிருந்து வந்த கார் உரசாமல் போனது பெரும் புண்ணியம். ஆனால் பதறிப் பின்வாங்கியவர் சாலைச் சரிவில் உருண்டு மணிக்கட்டு முறிந்தது. உப்பு வாருகிறவருக்கு மணிக்கட்டு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த சீசன் முழுவதும் அவருக்குக் கூலி இல்லை. காரில் போனவருக்கு நடந்தது தெரிந்திருக்காது. அவரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. அவருடைய காதில் அவருடைய வண்டிச் சத்தம் மட்டுமே இருந்திருக்கும்.

"சத்தம் இருந்தால்தான் எதிரே போகிறவனுக்கு நாம் வருவது தெரியும், அது பாதுகாப்பு" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். என் பட்டறையிலேயே சொல்லியிருக்கிறார்கள். தம்பி, உங்கள் குழாயின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது? பின்னால்தானே. நீங்கள் கடந்து போன பிறகுதான் அதன் முழு இடியும் விழுகிறது. முன்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு அது கேட்பதற்குள் நீங்கள் அவரை ஒட்டி வந்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர்ச் சத்தத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பகலில் தரை சூடாக இருக்கும்போது சத்தம் மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். விடியலுக்கு முன் தலைகீழ். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது மேலே போகிற சத்தம் வளைந்து திரும்பத் தரைக்கே வருகிறது. கீழேயோ உவர்நீர் நிறுத்திய பாத்திகள், கண்ணாடிபோல. சத்தத்தை விழுங்க ஒரு தோப்பு கிடையாது, மறிக்க ஒரு சுவர் கிடையாது. அண்ணா நகரில் நாலு கட்டடம் தாண்டுவதற்குள் அடங்கிப்போகும் சத்தம் இங்கே பல பாத்தி தாண்டி, உப்பு அம்பாரங்களைத் தாண்டி, ஊருக்குள் தூளியில் தூங்கும் குழந்தை வரை போகிறது.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2005 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் பயணிகள் கார், சோதனைச் சாலையில் ஏழரை மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் 74 டெசிபலைத் தாண்டக் கூடாது. மஃப்ளரைப் பிடுங்கிய வண்டி அதே மைக்கில் 94 காட்டுகிறது என்று வையுங்கள். இருபதுதானே கூடுதல் என்று தோன்றும். டெசிபல் கணக்கு அப்படிப் போவதில்லை. பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு. அப்படிப்பட்ட ஒரே ஒரு கார் போவது, கம்பெனி சைலன்சரோடு நூறு கார்கள் ஒன்றாகப் போவதற்குச் சமம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஆறு டெசிபல் குறையும். ஏழரை மீட்டரை ஆறு தடவை இரட்டித்தால் 480 மீட்டர், குறைவது 36. அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடிசையில் கம்பெனி வண்டி 38ஆகவும், உங்கள் வண்டி 58ஆகவும் கேட்கும். விடியல் குளிர் சத்தத்தைக் கீழே வளைப்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அது சராசரிக்கான அளவுதான், ஒரு நொடிச் சத்தத்தை அதோடு நேராக ஒப்பிட முடியாது என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுங்கள். தூளியில் இருக்கிற குழந்தை சராசரி பார்த்து விழிப்பதில்லை.

சரி, இவ்வளவு சத்தத்துக்கும் ஈடாக உங்களுக்குக் கிடைப்பது என்ன? பிக்கப் என்பீர்கள். இங்கேதான் என் தொழில் அனுபவத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில வருஷம் முன்பு ஒரு தம்பி சின்ன காரோடு வந்தார். 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது. அவர் கேட்டபடி பெரிய விட்டத்தில் குழாய் போட்டுக் கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "அண்ணே, வண்டி பறக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அவரே திரும்பி வந்தார். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேம்பாலத்தில் இப்போது இரண்டுக்கு மாற்ற வேண்டியிருக்கிறதாம். வேகம் கூடியது அவர் காதில் மட்டும்தான்.

அதன் காரணம் இது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு நூறு தடவை புகையை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலும் குழாயில் ஓடுகிற ஒரு துடிப்பு. முன்னால் போகும் துடிப்பு, பின்னால் வருவதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பு இருந்தால் சிலிண்டர் சுத்தமாகக் காலியாகும், அடுத்த காற்று நன்றாக நிறையும். குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகை சோம்பிப் போகிறது, இழுப்பும் போய்விடுகிறது. கீழ் ஆர்பிஎம்மில் டார்க் இறங்குகிறது. "எஞ்சினுக்குப் பேக் பிரஷர் வேணும்" என்று பட்டறைகளில் நாங்கள் சொல்வது பாதி தப்பு. தடையை எந்த எஞ்சினும் விரும்பாது. அதற்கு வேண்டியது புகையின் ஓட்டம், அந்த ஓட்டத்துக்கேற்ற குழாய் விட்டம். டர்போ இல்லாத சின்ன வண்டியில் பின்பக்க மஃப்ளரை மட்டும் மாற்றி ஒன்றிரண்டு குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது.

டர்போ வண்டியின் கதை வேறு. மறைக்க மாட்டேன். டர்பைன் சக்கரமே துடிப்புகளை உடைத்துச் சத்தத்தைப் பாதி தின்றுவிடும். அதற்குப் பின்னால் வழி எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. கூடவே ரீமேப்பும் செய்தால் உண்மையிலேயே சக்தி ஏறும். ஆனால் அந்த ஏற்றம் வருவது குழாய் விட்டத்தாலும் வளைவுகளின் நேர்த்தியாலும். மஃப்ளரைத் தூக்கியெறிந்ததால் வருவதில்லை. நடுவில் ஓட்டை ஓட்டையாகத் துளைத்த நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு என்று இருக்கிற மஃப்ளரைப் பார்த்திருப்பீர்கள். அதில் புகை ஏறக்குறைய வெறும் குழாயில் போவதைப்போலத் தடையில்லாமல் போகும். சத்தம் மட்டும் பஞ்சுக்குள் புகுந்து சூடாகக் கரைந்துவிடும். மஃப்ளர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. பஞ்சுக்குப் பிடிபடாத அடித்தொண்டை முழக்கத்துக்கு இடையில் ஒரு ரெசனேட்டர் வேண்டும். உங்கள் சக்தியும் எங்கள் தூக்கமும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை. நீங்கள் கேட்டுவாங்குகிற குட்டை மஃப்ளர்தான் இரண்டையும் மோத விடுகிறது.

பந்தயத்தைப் பாருங்கள். 2006இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆடி ஆர்10 கார் ஜெயித்தது. அது டீசல். பக்கத்தில் ஓடிய பெட்ரோல் கார்கள் அலற, இது கிசுகிசுத்துக்கொண்டே முதலில் வந்தது. அடுத்த இரண்டு வருஷமும் அதுவே. ஃபார்முலா ஒன்னில் 2014இல் அலறும் வி8 எஞ்சினை எடுத்துவிட்டு 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைப்ரிட் கொண்டுவந்தார்கள். சத்தம் போச்சே என்று ரசிகர்கள் புலம்பினார்கள். சில வருஷத்திலேயே அந்தச் சத்தமில்லாத கார்கள் பழைய லேப் சாதனைகளை வரிசையாக உடைத்தன. இவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் போடுகிற டீ-ஷர்ட்டிலேயே அந்தக் கார்கள் இருக்கின்றன.

அலற விட்டே தீர வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. 1990இல் திறந்த பந்தயத் தளம், ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து சென்னை வேகத்துக்கு இடம் கொடுத்துத்தான் வந்திருக்கிறது. அங்கே ஓட்டினால் நான்கூட வந்து கைதட்டுவேன். சாப்பாட்டுத் தூக்கோடு யாரும் அந்தத் தளத்தைக் கடக்க மாட்டார்கள்.

சட்டம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, நீங்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் சத்த விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கம்பெனி அமைப்பை விதிக்கு மாறாக மாற்றினால் 182ஏ வேறு இருக்கிறது. மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும் பறித்த சைலன்சர்களைச் சாலையில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றியதை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். பற்றவைக்கிறவனாக எனக்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஸ்டெயின்லெஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். கொஞ்ச தூரமே ஓடி நிறுத்துகிற வண்டியில் அது மஃப்ளருக்குள்ளேயே நின்று, உள்ளிருந்து துருவை வளர்க்கும். வெளியிலிருந்து எங்கள் உப்புக்காற்று தன் வேலையைச் செய்யும். மலிவு என்று சாதா இரும்புக் குழாயில் போட்டுத் தருகிற சைலன்சர் இந்தக் கரையில் இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். ஓட்டை விழுந்ததும் அது ஒழுங்கான மஃப்ளராக இருந்தாலும் பறை மாதிரி அதிரும். உங்களில் சிலருடைய வண்டிச் சத்தம் ஆசைப்பட்டு வைத்ததே இல்லை, வெறும் துரு. அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்குகிற பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியில் அதற்கு முன்னும் பின்னும் சென்சார் இருக்கிறது. பிடுங்கினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், அதை அணைக்க ஒரு பொய் ரீமேப், அதன்மேல் இன்னொரு பொய். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு, விஷ வாயுவை மாற்றுவதோடு சத்தத்தையும் கொஞ்சம் உடைக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டதும் பட்டாசு வெடிக்க வைக்கிறீர்களே, அது எரியாத பெட்ரோலைக் குழாய்க்குள் கொண்டுவந்து கொளுத்துவது. கன்வெர்ட்டர் மிச்சமிருந்தால் அதுவும் அதில் உருகிப்போகும். உங்கள் காசு உங்கள் இஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பட்டாசுச் சத்தம் கழுவெளியில் விழுகிறது.

கழுவெளி எங்கள் ஊரின் மேற்கே கிடக்கிற பெரிய சதுப்பு ஏரி. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே இறங்கும். ஒரு வெடி கேட்டால் கூட்டமே எழும்பும், சுற்றும், மறுபடி இறங்கும். தூர தேசத்திலிருந்து பறந்து வந்து இங்கே சேர்த்துவைக்கிற தெம்பை அது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செலவு செய்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது படிப்பு இல்லை. மீன் பிடிக்கிற என் மைத்துனர்.

இந்தச் சாலை உங்களுக்குச் சொந்தமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். உமணர்கள் இந்தக் கரையின் உப்பை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகளை வரிசையாக ஓட்டிப் போன காலத்திலிருந்து இது வழிப்போக்கருக்கான மண். அவர்கள் வண்டிக்கடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள் என்று புறநானூற்றில் இருப்பதாக எங்கள் பள்ளித் தமிழாசிரியர் சொல்வார். ஸ்டெப்னியைக் கண்டுபிடித்தவன் உப்பு விற்றவன்! எனக்கு அதில் ஒரு பெருமை. ஆகவே வாருங்கள். இப்போது நாலு வழிச்சாலை வேலையும் நடக்கிறது, இன்னும் வேகமாகத்தான் வருவீர்கள். அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

எக்ஸாஸ்ட் மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், கடையில் சத்தத்தின் வீடியோவைப் பார்த்து வாங்காதீர்கள். செல்போன் மைக்குக்கு ரீங்காரம் தெரியாது. அதே குழாய் போட்ட ஒருவரின் வண்டியில் உட்கார்ந்து, டாப் கியரில் 2000க்கும் 2500க்கும் நடுவில் பத்து நிமிஷம் போய்ப் பாருங்கள். நீங்கள் புதுச்சேரி வரை ஓட்டப்போவது பெரும்பாலும் அந்த ஆர்பிஎம்மில்தான். மண்டைக்குள் 'ம்ம்ம்' என்று நின்றால் அந்தக் குழாய் உங்களுக்கே எதிரி. மஃப்ளரின் நீளத்தைக் கேளுங்கள், உள்குழாயின் விட்டத்தைக் கேளுங்கள், பஞ்சை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ரெசனேட்டரோடு வருவதையே வாங்குங்கள். வால்வு வைத்த சிஸ்டமாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு பொத்தானில் அடக்கலாம். ஆழமான, கனமான குரலோடும் ஒரு வண்டி சட்டத்துக்குள் இருக்க முடியும். நல்ல கம்பெனிகள் அதைத்தான் பல வருஷம் உட்கார்ந்து செய்கின்றன.

எங்கள் உப்பளத்துக்கு வரும்போது மட்டும் இன்னும் ஒரு உதவி. பொழுது விடிவதற்கு முன் இந்த நீட்டத்தைக் கடக்கிறீர்கள் என்றால் வால்வை மூடிவிட்டு, மேல் கியரில், ஆர்பிஎம் ஏற்றாமல் போங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை அம்பாரம் தெரிய ஆரம்பித்ததிலிருந்து ஊர் தாண்டும் வரை. சில நிமிஷம்தான்.

உப்பு சீசன் தையில் தொடங்கினால் ஐப்பசி மழை வரை போகும். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசவைக்கும் என்பதால், நீங்கள் இந்த வழியே வருகிற அதே நேரத்தில்தான் அவர்கள் பலகையோடு பாத்தியில் இறங்குவார்கள். சாலையிலிருந்து அவர்களை நீங்கள் பார்க்க முடியாது, இருட்டாக இருக்கும். இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

தடுப்பை அறுத்துவிட்ட வண்டி வைத்திருப்பவர்கள் என் பட்டறைக்கு வரலாம். நான் அறுத்ததாக இருந்தாலும் சரி, வேறு யார் அறுத்ததாக இருந்தாலும் சரி, தகடு வைத்து, பஞ்சு அடைத்து, பழையபடி மூடிப் பற்றவைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம், பொருளுக்கு ஆகிற காசு மட்டும் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பேன். காலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள்.

இப்படிக்கு,
உப்பளத்து ஓரம் பட்டறை வைத்திருக்கும் உங்கள் அண்ணன்